ஓவியம் கற்கப் புறப்பட்ட பினாங்குப் பிள்ளை

நம் முன்னோர் ‘சபர்’ என்றால், அது பெரும்பாலும் ஒரே திசைப் பயணம்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்குவார்கள். கடை, துறைமுகம், பணமாற்று என்று பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். அதற்கு எதிர்த்திசையில், ஓவியம் கற்பதற்காகச் சென்ற ஒருவரை இப்பொன்விழா மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர் ஓவியர் சையத் தாஜுதீன்.

இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் 1943-இல் பிறந்தார். ரோமானியர் காலத்து வணிகத் தடயங்கள் அகழாய்வில் கிடைத்த பழம்பெரும் கடலோர ஊர் அது. சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த அவர், இருபதுகளில் மதராஸ் அரசு கலைக் கல்லூரிக்குப் புறப்பட்டார். 1974 வரை அங்கே பயின்றார்.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கல்லூரி அது. மெரினா உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தார். அவருக்குப்பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றார். மேனாட்டு ஓவியத்தை அப்படியே பின்பற்றாமல், சொந்த மரபிலிருந்து புதிய கலையைத் தேடிய காலம் அது.

அந்தத் தேடலைத் தாஜுதீனும் கொண்டுவந்தார். இராமாயணக் காட்சியை வரைந்த அதே கை, பின்னாளில் மலாக்கா வரலாற்றையும் ஹங் துவாவையும் வரைந்தது. அவருடைய ஓவியங்களில் மலாய் உடை உடுத்திய பெண்களின் நீண்ட விழிகளில் இந்தியச் சுவரோவியச் சாயலைக் காணலாம். மூன்று மரபுகளும் நமக்கு அந்நியமல்ல என்று அவை சொல்லாமல் சொல்கின்றன.

வரையும் பிள்ளையிடம் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுவதுண்டு. “இது சோறு போடுமா?” என்பார் அத்தா. “உருவம் வரையலாமா?” என்பார் பெரியவர். இரண்டும் அக்கறையில் பிறந்தவையே. இரண்டாவதை மார்க்க அறிஞர்களிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் முதல் கேள்வியோடு பேச்சை முடித்து, பென்சிலைக் கீழே வைக்கச் சொன்ன வீடுகள் நம்மிடையே ஏராளம். அப்படி நாம் இழந்தவர்களின் பெயர்கள் எந்த மலரிலும் இல்லை.

கடல் கடந்து கடை வைத்த தாத்தாவின் துணிச்சலைப் பெருமையுடன் பேசுகிறோம். கடல் கடந்து தூரிகை பிடித்த பேரனின் துணிச்சலும் அதே இரத்தம்தான். தேர்வில் சிறந்த பிள்ளைகளை மேடையேற்றிப் பாராட்டும் நாம், இனி வரையும் பிள்ளைகளையும் அழைப்போம். அடுத்த மலரின் அட்டையை அவர்களில் ஒருவர் வரையட்டும், இன்ஷா அல்லாஹ்.