மலிந்த காணியும் பிறந்த ஊரும்: தீவகத்திலிருந்து புத்தளம் வரை

ஊர்விட்டு ஊர் போனவர்களை நமது எழுத்துக்களில் இரண்டு வகையாகப் பிரித்தே பேசி வருகிறோம். பிழைப்புத் தேடிப் போனவர் ஒரு வகை. விரட்டப்பட்டவர் மற்றொரு வகை. வட மாகாண முஸ்லிம்களாகிய நாம் இரண்டாவது வகை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விரட்டப்பட்டவனும் எங்கேயாவது ஓரிடத்தில் அடுப்பு மூட்டத்தானே வேணும்? அந்த இடத்தைப் பெரும்பாலும் காணி விலைதான் தீர்மானித்தது. கைக்கு எட்டிய விலையில் ஒரு துண்டுக் காணி கிடைத்த இடத்தில் குந்தினோம். அதைப் பிடித்துக்கொண்டு, "அங்கேயே நிலைச்சிட்டீங்கதானே, இனி ஊர் எதுக்கு?" என்று இன்றைக்கும் நம்மிடம் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, யாழ்ப்பாணத் தீவகத்தின் வரலாறு நமக்குக் கைகொடுக்கும் என்பது என் எண்ணம்.

தீவகத்தார் போன வழி

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எல்லாம் சுண்ணக்கல் நிலம். ஆறு கிடையாது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும். அதுதான் கிணற்றுத் தண்ணீர். கொஞ்சம் கூடுதலாக இறைத்தால் உவர் ஏறிவிடும். நெடுந்தீவில் கல்லை அடுக்கி வேலியாகக் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கற்களைப் பொறுக்கி ஒரு பரப்புக் காணியைப் பயிர் நிலமாக்க எத்தனை பேர் முதுகு வளைத்திருப்பார்கள் என்பது விளங்கும்.

இருந்த நல்ல காணியும் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்தது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையில் பெண்ணுக்குச் சீதனம் முக்கியமான இடம் பெறுகிறது. நான்கைந்து பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் தோட்டம் நான்கைந்து துண்டாகும். குடாநாட்டிலும் இதே கதைதான். சனம் பெருகப் பெருகத் தோட்டக் காணியின் விலை சாதாரணக் கமக்காரனுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது.

இதற்குத் தீவகத்தார் இரண்டு வழி கண்டார்கள். ஒன்று வியாபாரம். கொழும்பு முதல் மலையகப் பட்டணங்கள் வரை தீவகத்தாரின் பலசரக்குக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருந்ததைப் பழைய ஆட்கள் அறிவார்கள். மற்றது வன்னி. இரணைமடுக் குளத்தை நம்பி, யாழ்ப்பாணத்துச் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைப்பதற்காக 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. அதற்கு முந்திய வருஷம் வந்த 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணியை அனுமதிப் பத்திரத்தில் வழங்க வழி செய்தது. ஊரில் ஒரு துண்டுத் தோட்டமும் வாங்க ஏலாதவனுக்கு அங்கே வயலும் மேட்டு நிலமும் கிடைத்தது. காசாகக் கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான். மிச்சத்தை உடம்பால் கொடுத்தார்கள்: காடு வெட்டினார்கள், மலேரியாவைத் தாங்கினார்கள், யானைக்குக் காவல் இருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வன்னிக்கோ கொழும்புக்கோ போன தீவகத்தாரின் பெட்டியில் ஊர்க்காணியின் உறுதி பத்திரமாக இருந்தது. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வந்து போனார்கள். பிள்ளைகள் வேறிடத்தில் பிறந்தாலும் "நாங்கள் புங்குடுதீவு", "நாங்கள் நயினாதீவு" என்றே சொன்னார்கள். வேறிடத்தில் காணி எடுத்ததால் தீவுக்காணியில் அவர்களுக்கு உரிமை அற்றுப்போனது என்று அரசாங்கமோ அயலவரோ சொன்னதில்லை. மலிவான இடத்துக்குப் போவது பிழைப்பு. அது ஊரைக் கைவிட்டதற்குச் சாட்சி அல்ல என்பது எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

1990

அதே தீவகத்தில் நமது பள்ளிகளும் உண்டு. நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே சிறு தீவுக்குள் இருக்கின்றன. மண்கும்பான் பள்ளி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் பழக்கமான இடம். தொகையில் நாம் அங்கே சிறியவர்கள். ஆனாலும் வந்தவர் போனவர் அல்ல.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியது. அந்தச் சண்டைகளில் தீவகத்துத் தமிழரும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். வழியில் நகையும் காசும் பறிக்கப்பட்டன. பலரிடமிருந்து காணி உறுதியையும் வாங்கிக்கொண்டார்கள்.

முந்திய தலைமுறைத் தீவகத்தாருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அவர்கள் உறுதியை வைத்துக்கொண்டு போனார்கள். நாம் உறுதியும் இல்லாமல் போனோம். அவர்கள் போக நினைத்துப் போனார்கள். நாம் போகச் சொல்லிப் போனோம்.

புத்தளம் தந்ததும் எடுத்ததும்

மன்னார்ப் பக்கத்தார் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தார் வவுனியா, அனுராதபுரம் வழியாக வந்தார்கள். கையில் வழியிருந்த சிலர் கொழும்பு, நீர்கொழும்பு, பாணந்துறைப் பக்கம் போனார்கள். அங்கே வீட்டு வாடகை எல்லாராலும் கட்டக்கூடியதாக இருக்கவில்லை. ஆகவே பெரும்பாலானோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தென்னந்தோட்டங்களுக்குள் கிடுகுக் கொட்டில் போட்டார்கள். புத்தளத்து மக்கள் பள்ளிகளையும் வீடுகளையும் திறந்து தந்ததை நன்றி மறந்து பேச முடியாது.

நான் வளர்ந்தது தில்லையடியில். வாப்பா தையல்காரர். சீட்டுக் காசு எடுத்துச் சில பேர்ச்சஸ் காணி வாங்கினார். மிச்சக் காசைத் தவணையில் கட்டினார். "இது தங்குறதுக்கு, இருக்கிறதுக்கு இல்லை" எண்டு சொல்லித்தான் கிணறு வெட்டினார். இப்படி வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எருக்கலம்பிட்டியார் நாகவில்லில் குடியேறினாலும் பழைய ஊர்ப்பெயரை விடவில்லை. 2007இல் உலக வங்கியின் 32 மில்லியன் டொலர் கடனுதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்தது. வீடு கட்ட உதவி பெறக் காணியுரிமை வேண்டும் என்பதால், காணி வாங்கும் அவசரம் இன்னும் கூடியது.

காணி மலிவு என்பது கண்ணுக்குத் தெரிந்த விலை மட்டுமே. பள்ளிக்கூடத்தில் இடம், ஆஸ்பத்திரி வரிசை, குடிதண்ணீர், பல்கலைக்கழக அனுமதி, உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலி என்று ஒவ்வொன்றிலும் அவ்வூர் மக்களுக்கும் வந்தவர்களுக்கும் நெருக்கடி உண்டானது. பட்டணத்தில் கடை வைத்திருந்தவர் நாட்கூலியானார். அந்தக் கணக்கை எந்த உறுதியிலும் எழுதவில்லை.

விலையேறிய ஊர்

2002 சமாதான காலத்தில் ஏ-9 பாதை திறந்தபோது சோனகத் தெருவுக்குப் போனவர்கள் கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களைக் கண்டார்கள். பிள்ளைகளின் கலியாணச் செலவுக்காக வந்த விலைக்கு விற்றவர்கள் பலர். 2009க்குப் பின் திரும்பப் போனவர்களுக்கு வேறு கஷ்டம். 1990இல் ஒரு குடும்பம் இருந்த வீட்டுக்கு இன்று நாலைந்து குடும்பம் உரிமை உடையது. தனக்கென்று காணி இல்லாத மகனும் மகளும் வீட்டுத் திட்டப் பட்டியலில் இடம் பெறுவது கடினம். புதிதாக வாங்கலாம் என்றால் பட்டணத்துக் காணி விலை புத்தளத்துக் கூலிக்காரனுக்கு எட்டாது. சொந்த ஊர் தன் பிள்ளைகளுக்கே வாங்க ஏலாத ஊராகிவிட்டது.

தீவகத்தில் காணி மலிவுதானே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், தீவுகளில் ஆளில்லாத வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் நிறைய. ஆனால் அன்று மக்களை வன்னிக்கு அனுப்பிய அதே உவர்க் கிணறும், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கும் நேரமும் இன்றும் அப்படியே இருக்கின்றன.

மக்காவைத் துறந்து போன முஹாஜிர்களின் வீடுகளும் அவர்கள் இல்லாத நேரத்தில் கைமாறின. பின்னாளில் நபியவர்கள் மக்காவுக்கு வந்தபோது, உங்கள் வீட்டில் தங்குவீர்களா என்று உஸாமா (ரலி) கேட்டார்கள். அகீல் நமக்கு வீடு எதையும் விட்டு வைத்தாரா என்ற கருத்தில் பதில் வந்ததாக ஹதீஸ் கூறுகிறது. மதீனாவில் வீடு கிடைத்ததால் மக்கா அவர்களுக்கு அந்நியமாகிவிடவில்லை.

1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பத்து வருஷம் தடையின்றி ஆண்டவர் காணிக்கு உரிமை கோரலாம். யுத்தத்தால் இடம்பெயர்ந்தவருக்கு அது அநியாயம் என்று கண்டு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வழக்குப் போடக் கொடுத்த அவகாசம் இரண்டே வருஷம். கூலி வேலைக்குப் போகிறவனுக்குச் சட்டம் வந்த செய்தி சேரவே அந்தக் காலம் போதாது.

ஆகவே நாம் செய்யக்கூடியதைச் செய்வோம். காணாமற் போன உறுதிகளின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடி எடுப்போம். எந்த ஒழுங்கையில் யாருடைய வளவு, எல்லையில் யார், கிணறு யாருக்குப் பங்கு என்பதை மூத்தவர்களிடம் கேட்டு எழுதுவோம்; அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வன்னியில் வயல் எடுத்த தீவகத்தானிடம் ஊர் எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை. தில்லையடியில் சில பேர்ச்சஸ் வாங்கியவனிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.