விருப்ப வரிசையின் வரலாறு



பட்டம் பெற்று வெளிவரும் வைத்திய மாணவரும் மருந்தியல் மாணவரும் எந்த வைத்தியசாலையிற் பயிற்சி பெறப் போகின்றனர்? வன்னியில் வாழும் எமக்கு இவ்வினா வெறும் மாணவர் விவகாரமன்று. கண்டி வீதியோரத்துக் கனகராயன்குளத்தில் ஆசிரியத் தொழில் புரியும் யான், அவர்தம் விருப்பப் பட்டியலில் எங்கள் ஊர்ப்புறம் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதையே முதலில் எண்ணுவேன்.

ஐக்கிய அமெரிக்காவில் பயிற்சி வைத்தியர்க்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், வைத்தியசாலைகள் ஒன்றையொன்று முந்தி, பட்டம் பெறுவதற்கு ஏறத்தாழ ஈராண்டுகள் முன்னரே மாணவரை ஒப்பந்தம் செய்துகொண்டன. நெற்பயிர் குடலைப் பருவத்தில் நிற்கையிலேயே விலை பேசும் வியாபாரியை நாம் அறிவோமன்றோ? 1945இல், குறித்த நாளுக்கு முன்னர் மாணவர் பற்றிய சான்றுகளை வெளியிடுவதில்லை எனக் கல்லூரிகள் தீர்மானித்தன. முந்துதல் நின்றது, அவசரம் பிறந்தது. அழைப்புக்கு விடையிறுக்க 1945இல் 10 நாள் அவகாசம் இருந்தது. 1949இலோ, 12 மணி நேரந்தானும் அதிகமென வைத்தியசாலைகள் மறுத்தன. வந்ததைக் கொள்வதா, விரும்பியது வருமென நம்பி அதனை விடுவதா என மாணவன் தவித்தான்.

ஈற்றில், இருசாராரும் தத்தம் விருப்ப வரிசையை ஒரு பொது நிலையத்துக்கு அனுப்புவதென முடிவாயிற்று. 1951இல் வகுத்த முதன்முறையில் ஒரு குறை இருந்தது. எட்டாத இடத்தை முதலில் எழுதிய மாணவன், அது கைகூடாதவிடத்து, தன் இரண்டாம் இடத்தையும் அதனை முதலாவதாக எழுதிய வேறொருவனிடம் இழக்க நேரும். உண்மையை எழுதியதற்கே தண்டனை! மாணவர் எதிர்த்தனர், முறை திருத்தப்பெற்று 1952இல் நடைமுறைக்கு வந்தது. பெரியோர் போட்ட கணக்கின் ஓட்டையை மாணவரே கண்டனர் என்பதை வகுப்பறையிற் சொல்வதில் எனக்கோர் உவகை உண்டு.

1962இல் கேல், ஷாப்லி என்னும் கணித அறிஞர் இருவர் இதன் தத்துவத்தை விளக்கினர். ஒவ்வொருவரும் தம் முதல் விருப்பத்தைக் கேட்கின்றனர். வைத்தியசாலை தனக்கு உகந்தோரைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு ஏனையோரை மறுக்கின்றது. மறுக்கப்பட்டோர் அடுத்த இடத்தைக் கேட்பர். அவருள் மேலானவர் உளராயின், முன்னர் வைத்திருந்தவர் இடம் இழப்பர். கேட்பார் ஒழியும்வரை இது நடைபெறும். இவ்வாறு மாணவர் கேட்பதாக அமைந்த முறை 1998இல் அமெரிக்காவில் வந்தது. அதில் தனித்து விண்ணப்பிப்பவர் வரிசையை மாற்றி எழுதிப் பெறும் இலாபம் யாதுமில்லை. மருந்தாளர் பயிற்சிக்கும் இத்தகைய ஏற்பாடே அங்கு உண்டு. 2012இல் ஷாப்லியும் ரோத் என்பாரும் நோபல் பரிசு பெற்றனர்.

அந்த ரோத் 1986இல் நிறுவிய உண்மையே வன்னியாருக்கு உறைக்கும். இத்தகைய நிலையான பொருத்தம் ஒன்றில் இடம் நிரம்பாத வைத்தியசாலை, வேறெந்த நிலையான பொருத்தத்திலும் அதே ஆட்களையே பெறும். கணக்கை எப்படித் திருப்பிப் போட்டாலும் நாட்டுப்புறத்து வெற்றிடம் வெற்றிடமே. நம் நாட்டில் பயிற்சி வைத்தியர் திறமை வரிசைப்படி இடம் தெரிகின்றனர். முன்னிற்பவர் விட்டதே பின்னிற்பவருக்கு. ஆகவே மாறவேண்டியது கணக்கன்று, விருப்பம்.

விருப்பத்தை மாற்ற முயன்ற ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்தில் கற்றோர் உத்தியோகம் நாடி வெளியேறுவதைக் கண்டார். தம் மாணவர் சொந்த ஊர்களில், சொந்த மக்களிடையே தங்கவேண்டுமென விரும்பி, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். அதற்கென 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் தமிழில் எழுந்தன. மருந்துகளைக் கூறும் 'இந்து பதார்த்த சாரம்' அவ்வரிசையைச் சேர்ந்ததே. 1873இல் அவர் தாயகம் திரும்பியபோது, அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேற்பட்டிருந்தனர்.