நூறு புள்ளிகளின் வரலாறு

ஒயின் பற்றி எழுதியோரிற் பலர் அவ்வணிகத்தோடு நெருங்கிய உறவு கொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவின் மேரிலாந்தில் வழக்கறிஞராக இருந்த ராபர்ட் பார்க்கர், பின்னாளில் 'ஒயின் அட்வகேட்' எனப் பெயர்பெற்ற மடலை 1978-இல் தொடங்கி, விளம்பரம் ஏற்காமல் சந்தாவைக் கொண்டே நடத்தினார். அமெரிக்கப் பள்ளி மதிப்பெண்ணை ஒத்த அவருடைய அளவுகோலில் எந்த ஒயினுக்கும் 50 புள்ளிகள் அடிப்படையாகக் கிடைக்கும்; கோப்பையில் தெரியும் நிறத்துக்கும் தோற்றத்துக்கும் 5, மணத்துக்கு 15, நாவில் உணரும் சுவைக்கும் விழுங்கியபின் எஞ்சும் சுவைக்கும் 20, ஒட்டுமொத்தத் தரத்துக்கும் முதிரும் ஆற்றலுக்கும் 10 என்ற அளவு வரை புள்ளிகள் கூடும்.

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் 1982-ஆம் ஆண்டு அறுவடையில் உருவான ஒயின்களைச் சில விமர்சகர்கள் ஐயத்தோடு நோக்கியபோது அவர் உறுதியாகப் பாராட்டியதே அவருடைய புகழுக்கு அடித்தளமாயிற்று. 1984-இல் வழக்கறிஞர் தொழிலையும் விட்டார். அதன்பின், பீப்பாயில் இருக்கும்போதே ஒயினை விற்கும் 'ஆன் பிரிமோர்' முறையில், போர்தோ உற்பத்தியாளர்கள் பலர் அவருடைய புள்ளிகள் வெளிவரும்வரை விலையை அறிவிக்காமல் காத்திருந்தனர். சுவையை எண்ணாகச் சுருக்குவது குறைபாடுடையதே எனினும், விற்பவரைச் சாராமல் வாங்குபவருக்காக எழுதிய அந்த நேர்மை பெரிதும் போற்றத்தக்கது.