கைவிலங்கோடு 200 மைல்: ஒரு கிராமத்துப் பிரசங்கியின் கதை

ஒரு ஊர்ல நிலம் வித்தவர், கடன் கொடுத்தவர், வழக்கு விசாரிக்கிற நீதிபதி மூணு பேரும் ஒரே ஆள்னு வெச்சுக்கோங்க. தேர்தல் வருது. யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?

1790கள்ல நியூயார்க் மாநிலத்தின் ஒட்ஸேகோ கவுன்ட்டி அப்படித்தான் இருந்தது. அந்த ஆள் வில்லியம் கூப்பர். சக்கரம் செய்யும் தொழிலாளியா ஆரம்பிச்சவர். காட்டு நிலத்தை மொத்தமா வாங்கி, கையில காசில்லாத குடியானவங்களுக்குத் துண்டு துண்டா கடனுக்கு வித்தார். கூப்பர்ஸ்டவுன் அப்படி உருவான ஊர்தான். 1791ல அவரே கவுன்ட்டியின் முதல் நீதிபதி, பிறகு காங்கிரஸ் உறுப்பினர். நம்ம பாஷையில சொன்னா, ஊரோட அட்மின் பாஸ்வேர்டு அவர்கிட்ட மட்டும்தான்.

1792 கவர்னர் தேர்தல்ல கூப்பர் ஜான் ஜேவுக்காக வேலை செய்தார். ஒட்ஸேகோ ஓட்டு பெரும்பாலும் ஜேவுக்கே. ஆனா ஷெரிஃபோட பதவிக்காலம் முடிஞ்சுபோச்சுன்னு காரணம் சொல்லி, அந்த ஓட்டுகளை எண்ணாமலே தள்ளிட்டாங்க. எதிராளி ஜார்ஜ் கிளின்டன் 108 ஓட்டுல ஜெயிச்சார். வாக்காளர்களை மிரட்டினார்னு கூப்பர் மேல சட்டசபை வரைக்கும் புகார் போச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகலை.

இப்போ நம்ம ஹீரோ, ஜெடிடையா பெக். புரட்சிப் போர்ல சண்டை போட்டவர், ஊர் ஊரா பிரசங்கம் செய்பவர், நில அளவையும் தெரியும். அளக்கப் போற வீட்டிலேயே ஜெபமும் நடக்கும், அரசியலும் பேசுவார். அவரை வளர்த்துவிட்டதே கூப்பர்தான். நீதிபதி பதவி கிடைச்சது, 1798ல சட்டசபைக்கும் போனார்.

அதே வருஷம் தேசத்துரோகச் சட்டம் வந்தது. அரசைத் தாக்கி எழுதினா 2 வருஷம் சிறை, 2,000 டாலர் அபராதம். பெக் கட்சி நிலையை விட்டு விலகினார். அந்தச் சட்டத்தை ரத்து செய்யக் கேட்டு ஒரு மனுவை எடுத்துட்டு வீடு வீடா கையெழுத்து வாங்கினார். இதுக்குத்தான் 1799ல கைது! புகார் பின்னாடி இருந்தவர் கூப்பரே.

விலங்கு போட்டு, சுமார் 200 மைல் தள்ளி நியூயார்க் நகரத்துக்குக் கொண்டுபோனாங்க. எனக்கு இந்த இடம்தான் ஆச்சரியம். வழியெல்லாம் கிராமங்கள். நரைச்ச தலையோட ஒரு பழைய போர்வீரரை, மனு போட்ட குற்றத்துக்காக இழுத்துட்டுப் போறதை ஜனங்க நேர்ல பார்த்தாங்க. எந்தப் பத்திரிகையும் இவ்வளவு நல்லா விளக்கியிருக்காது.

வழக்கு விசாரணைக்கே வரலை. பெக் மறுபடியும் ஜெயிச்சார். 1800ல ஜெஃபர்சன் கட்சி மாநில சட்டசபையைப் பிடிச்சது. அதுக்குப் பெரிய காரணம் நகரத்து ஓட்டுதான், பெக்குக்கு முழுப் புகழும் கொடுக்க முடியாது. ஆனா சட்டசபைதான் அப்போ அதிபரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளை நியமிச்சது. மாநிலத்தின் 12 ஓட்டும் ஜெஃபர்சனுக்கே.

1811ல பொதுப்பள்ளிகளுக்குத் திட்டம் போட ஒரு குழு அமைச்சாங்க. தலைவர் பெக். அடுத்த வருஷம் சட்டமாச்சு: அரசு நிதி வேணும்னா ஊரும் அதே அளவு வரி போட்டுப் பள்ளி நடத்தணும். அதிகம் படிக்காத அந்தப் பிரசங்கி போட்ட திட்டம் அது.