தோட்டப்புற எதிர்ப்புப் பாடல்கள் (பேராக்)

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய ஊர்களைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில், கங்காணி முறையால் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர், விடியுமுன் பெரட்டுக்கு (வருகைக் கணக்கெடுப்புக்கு) நின்று பால்மரம் சீவிய சிரமத்தையும், கங்காணி (ஆள்சேர்த்து மேற்பார்த்தவர்), கிராணி (தோட்ட எழுத்தர்) ஆகியோரின் அதிகாரக் கொடுமையையும், ஊர் பிரிந்த துக்கத்தையும், தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தெம்மாங்கிலும் ஏற்றிப் பாடிய வாய்மொழிக் கவிதை மரபு. இயற்றியவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. தண்டனைக்கு அஞ்சி வாழ்ந்தோருக்கு அப்பெயரின்மையே கவசமாயிற்று என்று கருத இடமுண்டு. 1942–43இல் ஜப்பானியரால் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டோரின் அவலமும் இப்பாடல்களிற் புகுந்தது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் பிரகடனமாகி, தோட்டத் தொழிலாளர் சேர்ந்திருந்த தீவிரத் தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. மலேசிய எழுத்தாளர் முத்தம்மாள் பழனிசாமி தோட்டப்புறப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். மலேசியத் தமிழிலக்கிய வரலாறு அச்சேறிய கவிதைக்கே முதலிடம் தந்து இவற்றை ஓரத்தில் நிறுத்தியது நியாயமன்று.