சூடு ஆறுமுன் சாலை

கேழ்வரகுக் களி கிண்டி அடுப்பிலிருந்து இறக்கியதும் வீட்டில் என்ன செய்வார்கள் என்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை நீரில் நனைத்துக்கொண்டு, சூட்டையும் பொருட்படுத்தாமல் மளமளவென்று உருண்டை பிடித்துவிடுவார்கள். தட்டில் மெல்லிசாகச் சிந்திய களி இரண்டு நிமிடத்தில் இறுகிவிடும். பாத்திரத்தின் நடுவில் குவிந்து கிடக்கும் களியோ வெகுநேரம் கழித்தும் கையைச் சுடும். ஆறிப்போன களியை உருட்டினால் விண்டுபோகும்.

குளிர்நாடுகளில் சாலை போடுவோர் பட்ட பாடு ஏறத்தாழ முழுவதும் இந்தக் களிப் பாத்திரத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் அதைக் கணக்கிட்டுப் பார்க்க அவர்களுக்கு நூறாண்டு பிடித்தது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் 'தார் ரோடு' என்கிறோம். தார் என்பது நிலக்கரியிலிருந்து கிடைப்பது. இன்று சாலைக்கு வருவது பெரும்பாலும் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் நிலக்கீல். எடையில் நூற்றுக்குச் சுமார் தொண்ணூற்றைந்து பங்கு ஜல்லியும் மணலும், ஐந்து பங்கு நிலக்கீல் என்பதே கலவையின் விகிதம். 150 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் நிலக்கீல் எண்ணெய்போல் இளகியிருக்கும். அப்போது ரோலர் ஏறினால் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நெருங்கி உட்காரும். சூடு குறையக் குறைய நிலக்கீலின் பாகுநிலை வேகமாக ஏறும். சாதாரணக் கலவை ஏறத்தாழ 80 டிகிரிக்குக் கீழே வந்துவிட்டால் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் பயனில்லை, கற்கள் அசையமாட்டா. ஆலையை விட்டுப் புறப்பட்ட கலவைக்கு, 150-இலிருந்து 80-க்கு இறங்கும் நேரம்தான் ஆயுள்.

அமெரிக்காவில் இவ்வகைச் சாலையின் தொடக்கமாகச் சொல்லப்படுவது நியூ ஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரமண்டபத்துக்கு முன் 1870 ஜூலை 29-இல் எட்வர்ட் டி ஸ்மெட் என்ற பெல்ஜிய வேதியியலார் போட்ட சாலை. ஜூலை அங்கே நடுக்கோடை என்பதைக் கவனியுங்கள்! அந்த நாளில் நிலக்கீல் சரியான பதத்தில் இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை இருந்தது. ஒரு துணுக்கை வாயில் போட்டு மென்று பார்ப்பதே அது. (மாணவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) 1880களின் இறுதியில் போவன் என்பவர் பற்களுக்கு விடுதலை அளித்தார். நிலக்கீலில் ஓர் ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்கும் கருவியை அவர் அமைத்தார். பின்னர் அது செம்மையாகி, 25 டிகிரியில் 100 கிராம் எடையுடன் 5 விநாடியில் ஊசி இறங்கும் ஆழம் என்று நிலைபெற்றது.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ஓர் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு ஒரு குறை படுகிறது. வாயின் வெப்பநிலை சுமார் 37 டிகிரி. ஊசிச் சோதனையின் வெப்பநிலை 25 டிகிரி. இரண்டுமே ஒற்றைப் புள்ளி. 120 டிகிரியில் ரோலருக்கு அடியில் அந்த நிலக்கீல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இவை சொல்வதில்லை. கலவை எவ்வளவு நேரத்தில் ஆறும் என்பதையோ எந்த ஊசியும் சொல்லாது.

ஆகவே குளிருக்கு எதிராகச் சாலைப் பொறியாளர்களிடம் இருந்தவை இரண்டே விதிகள். ஒன்று நாட்காட்டி: இலையுதிர்காலத்தில் இன்ன தேதிக்குப் பின் சாலை போடாதே. மற்றொன்று வெப்பமானி: காற்றின் வெப்பநிலை 40 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருந்தால் நிறுத்து. அளவுகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், போக்கு ஒன்றுதான். 1956-இல் அமெரிக்கா 41,000 மைல் நெடுஞ்சாலை போடச் சட்டம் இயற்றியது. வேலை மலையாகக் குவிந்தது. கோடையோ ஒரு நாள்கூட நீளவில்லை. நாட்காட்டி தடுத்த நாளில் உண்மையிலேயே சாலை போட முடியாதா? அது அனுமதித்த நாளில் போட்டால் தேறுமா? இவை பணம் தொடர்பான கேள்விகளும் ஆயின.

விடை தேடியவர்கள் போன இடம் 1822-ஆம் ஆண்டு. பிரெஞ்சு நாட்டு ஃபூரியே தமது வெப்பக் கடத்தல் நூலை வெளியிட்ட ஆண்டு அது. அவருடைய சமன்பாட்டை நான் வகுப்பில் நடத்தும்போது, "இது எதற்கு சார் பயன்படும்?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வருவதுண்டு. 1968-இல் கோர்லியூ, டிக்ஸன் என்ற இருவர் அதே சமன்பாட்டைச் சூடான சாலைக் கலவைக்குப் பொருத்திக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். கலவை அடியிலுள்ள தரைக்குக் கடத்தலால் வெப்பத்தை இழக்கிறது. மேலே வீசும் காற்றுக்கும் இழக்கிறது. கதிர்வீச்சாலும் இழக்கிறது. வெயில் இருந்தால் சிறிது திரும்பப் பெறுகிறது. இவற்றையெல்லாம் சேர்த்து, அடுக்கின் ஒவ்வோர் ஆழத்திலும் நேரம் செல்லச் செல்ல வெப்பநிலை என்னவாகும் என்று கணக்கிடும் வழியை அவர்கள் தந்தார்கள்.

இத்தகைய கணக்குகள் காட்டிய முடிவைப் பாருங்கள். 150 டிகிரியில் பரப்பிய கலவை, 5 டிகிரித் தரையின் மேல் 25 மில்லிமீட்டர் கனத்தில் கிடந்தால், 80 டிகிரிக்கு இறங்கத் தோராயமாக ஐந்தாறு நிமிடமே ஆகும். கனத்தை 50 மில்லிமீட்டர் ஆக்குங்கள், கால் மணியைத் தாண்டும். 100 மில்லிமீட்டர் ஆக்கினால் முக்கால் மணி அளவுக்கு நீளும். கடத்தல் மட்டுமே நடந்தால் நேரம் கனத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். அதாவது கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காக வேண்டும். மேற்பரப்பில் காற்றும் வேலை செய்வதால் அது ஏறத்தாழ மூன்று மடங்காகக் குறைந்து நிற்கிறது. களித் தட்டும் களிப் பாத்திரமும் நினைவுக்கு வருகின்றனவா?

நாட்காட்டியின் விதி எங்கே பிழைத்தது என்பது இப்போது விளங்கும். காற்று 2 டிகிரியில் இருக்கும் காலையில்கூட, வெயில் அடித்து, காற்று வீசாதிருந்தால், 100 மில்லிமீட்டர் அடுக்கை நிதானமாகப் போட்டு முடிக்கலாம். காற்று 8 டிகிரி, ஆனால் பலமாக வீசுகிறது, தரையோ முன்னிரவுக் குளிரில் உறைந்திருக்கிறது என்றால், 25 மில்லிமீட்டர் மேலடுக்கு ரோலர் திரும்பி வருவதற்குள் இறுகிவிடும். காற்றின் வெப்பநிலையைவிடத் தரையின் வெப்பநிலையும், அதைவிட அடுக்கின் கனமும் முக்கியம். விதியோ காற்றை மட்டும் பார்த்தது. பணம் மிச்சமாகும் என்று மெல்லிய அடுக்குகளைப் பருவக் கடைசிக்கு ஒத்திப்போடுவது, பார்க்கப்போனால், தலைகீழான ஏற்பாடு.

ஆறிய கலவையை உருட்டினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சாலை கறுப்பாக, பளபளப்பாகத்தான் இருக்கும். கேடு உள்ளே இருக்கிறது. நன்றாக அமுக்கிய சாலையில் தொடக்கத்தில் காற்றிடம் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் இருக்கும். அமுங்காத சாலையில் அது பத்தையும் தாண்டும். அப்போது காற்றிடங்கள் ஒன்றோடொன்று இணைந்து நீருக்கு வழிவிடுகின்றன. உட்புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருத்துக் கற்களை நெட்டித் தள்ளுகிறது. அடுத்த வசந்தத்தில் பள்ளம்! வாஷிங்டன் மாநிலத்தில் 1989-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏழுக்கு மேல் காற்றிடம் ஒவ்வொரு பங்கு கூடும்போதும் சாலையின் ஆயுளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று மதிப்பிட்டது.

அதே மாநிலத்தில் இன்னொரு வியப்பு காத்திருந்தது. சில சாலைகளில் பள்ளங்கள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில், வரிசையாக விழுந்தன. ஏன்? 1990களின் நடுவில் வாஷிங்டன் பல்கலைக்கழக முதுநிலை மாணவர் ஒருவர் இதை ஆராய்ந்தார். லாரியில் வரும் கலவையின் மேலும் ஓரங்களிலும் குளிர்ந்து ஓர் ஏடு கட்டுகிறது. தார்ப்பாய் போட்டு மூடினாலும் ஓரளவுக்குத்தான் தடுக்க முடியும். லாரி கவிழ்த்துக் கொட்டும்போது இந்த ஆறிய ஏடு கலக்காமல் ஓரிடத்தில் போய்ச் சேருகிறது. பின்னர் அகச்சிவப்புக் கேமராவால் புதிய சாலையைப் பார்த்தபோது லாரிக்கு ஒன்றாகக் குளிர்ந்த திட்டுகள் தெரிந்தன. பள்ளங்களின் இடைவெளி ஒரு லாரிச் சுமை சாலையில் பரவும் தூரமே! லாரிக்கும் பரப்பும் இயந்திரத்துக்கும் இடையே கலவையை மறுபடி கிளறித் தரும் வண்டிகளுக்கு இதனால் மதிப்புக் கூடியது. கிளறுவதன் அருமையைக் களி கிண்டுபவர்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார், கனம், காற்று, வெயில், தரை ஆகியவற்றைக் கொடுத்தால் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று சொல்லும் கணினி நிரலை உருவாக்கினார்கள். சாலையோரத்தில் நின்றுகொண்டே மேற்பார்வையாளர் ஃபூரியேயைக் கேட்கலாம் என்றாயிற்று.

நேரத்தை அறியலாம், நீட்ட முடியுமா? 1956-இல் அயோவாவில் பேராசிரியர் சான்யி சூடான நிலக்கீலுக்குள் நீராவியைச் செலுத்தி அதை நுரைக்க வைத்தார். ஒரு படி நீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு படிக்கு மேல் விரியுமல்லவா? நுரைத்த நிலக்கீல் குறைந்த சூட்டிலும் கற்களை எளிதில் பூசுகிறது. 1990களில் நார்வேயிலும் ஜெர்மனியிலும் நுரை, மெழுகு போன்ற வழிகளால் 'இளஞ்சூட்டுக் கலவை' உருவாயிற்று. அதன் நோக்கம் எரிபொருளைச் சேமிப்பதும் தொழிலாளரின் மூக்கில் ஏறும் புகையைக் குறைப்பதுமே, குளிர்காலச் சாலையன்று. ஆனால் களத்தில் இருந்தவர்கள் அதைத் திருப்பிப் பயன்படுத்தினார்கள். அந்தக் கலவையை வழக்கமான 150 டிகிரிக்கே சூடாக்கினால், இறுகும் எல்லை கீழே இறங்கியிருப்பதால் ரோலருக்குக் கூடுதல் நிமிடங்கள் கிடைக்கின்றன.

இவ்வளவு இருந்தும், ஜனவரி மாதத்தில் உறைந்த தரைமேல் 25 மில்லிமீட்டர் அடுக்குப் போட எவராலும் முடியாது. மின்னசோட்டாவில் குளிர்காலம் முழுவதும் சூட்டுக் கலவை ஆலைகள் பெரும்பாலும் மூடியே கிடக்கும். அதுவரை பள்ளங்களில், கரைப்பான் கலந்து சூடில்லாமலே இளகி நிற்கும் கலவையைக் கொட்டித் தட்டிவைப்பார்கள். வண்டிச் சக்கரங்கள் அதைப் பிடுங்கி எறியும், மறுபடி கொட்டுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் தரை இளகியபின் ஆலையின் புகைபோக்கியில் மீண்டும் ஆவி தெரியும்.