வெளியில் பிறந்த முற்றம்

மட்டாஞ்சேரியில் முற்றங்களுக்குக் குறைவில்லை. போர்ச்சுகீசியர் கட்டிக்கொடுத்தும் டச்சு அரண்மனை என்றே பெயர் வாங்கிவிட்ட நாலுகெட்டின் நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி குடியிருக்கிறாள். பஜார் ரோட்டுப் பழைய கிட்டங்கிகளுக்குள் சரக்கு உலர்த்திய முற்றங்கள் உண்டு. அவையெல்லாம் அரசருக்கோ வியாபாரிக்கோ உரியவை. உழைக்கிறவர்களுக்கென்று அரசே திட்டம்போட்டுக் கட்டிய முற்றத்தைப் பார்க்க, பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியின் வெளிக்குப் போகவேண்டும். அங்கேதான் வண்ணார்கள் துணி வெளுக்கும் தோபிகானா இருக்கிறது.

வெளி என்பது அந்த இடத்தின் பெயர். மலையாளத்திலும் அதற்குத் திறந்த நிலம் என்றே பொருள்.

1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள், சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வண்ணார்களைக் கூட்டிவந்தார்கள் என்று அங்குள்ள குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகின்றன. 1795-ல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. துவைப்பு நிற்கவில்லை. குளத்தில் துவைத்தார்கள், மைதானத்தில் விரித்து உலர்த்தினார்கள்.

இந்தத் தொழிலுக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ, வெயில் விழும் வெறும் நிலமும் அவ்வளவு முக்கியம். ஊர் நெருக்கமானால் முதலில் பறிபோவது அந்த நிலம்தான். சென்னை வண்ணாரப்பேட்டையைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த பேட்டை அது. வெளுப்புத் தரை போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

கொச்சியில் வேறு மாதிரி நடந்தது. 1967-ல் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகள் சேர்ந்து மாநகராட்சி ஆயின. 1976-ல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் தோபிகானாவைக் கட்டியது. வண்ணார் சங்கம் அதைக் கவனித்துக்கொள்கிறது.

கட்டடத்தில் ஆடம்பரம் ஏதுமில்லை. துவைக்க வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் தொட்டியும் கல்லும். இஸ்திரிக்கு ஒரு கூடம். அப்புறம், வானம் பார்த்த பெரிய உலர்த்தும் வெளி. அந்த வெளியைக் காலி மனை என்று நினைத்துக் கூறுபோடாமல் விட்டார்களே, அந்த ஒரு முடிவுக்காகவே திட்டம் போட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கல்லும் தொட்டியும் எங்கும் கட்டிவிடலாம். வேலை செய்கிறவன் கேட்கும் வெறுமையைக் காப்பாற்றிக் கொடுப்பது அரிது.

கொடியைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கி இழுத்துக் கட்டியிருப்பார்கள். துணியின் முனையை அந்த முறுக்குக்குள் செருகினால் போதும், கயிறே கவ்விக்கொள்ளும். கிளிப் வேண்டாம், துருக்கறை பயமும் இல்லை. கடற்காற்று அடிக்கும்போது வேட்டிகளும் விரிப்புகளும் கப்பற்பாய்போலப் புடைக்கின்றன, ஒன்றுகூட விழுவதில்லை. அரிசிக்கஞ்சி தோய்ந்த பருத்தி விறைப்பாகக் காய்ந்ததும் கூடத்துக்குள் போகிறது. அங்கே கரி நிரப்பிய கனத்த இஸ்திரிப்பெட்டிகள். ஜூன் மழை வந்தால் கூரையடியே கொடியாகிவிடும்.

வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் வந்துவிட்டது. பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். சில கற்கள் உலர்ந்தே கிடக்கின்றன. மிச்சமிருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். காலையில் துவைத்ததை மத்தியானத்துக்குள் உருவி மடிக்கிறார்கள். தமிழில் பேசிக்கொண்டே.